எட்டுக் குவளைத் தண்ணீர்

திருகோணமலைத் துறைமுகத்தில் கடல் ஒரு நாளில் ஏறி இறங்கும் அளவு ஏறத்தாழ இரண்டடிதான். வேறு நாட்டுத் துறைமுகங்களில் பத்தடி, பதினைந்தடி ஏறும் என்று கப்பற்காரர் சொல்வர். அதனால் நம் கடல் அசைவதே இல்லை என்று இவ்வூரவர் பலர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் பிழை என்பதை முப்பத்தைந்து ஆண்டுகள் விடாமல் எழுதிவைத்தவர் ஒருவர் இருந்தார். உட்துறைமுக வீதியில் எங்கள் வீட்டுக்கு மூன்றாம் வீட்டில் வாழ்ந்த அபூதாஹிர் அவர்.

அவருடைய தொழில் கடலின் ஆழம் பார்ப்பது. அளவைப் படகின் முன்புறத்தில் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீரில் இறக்குவார். கயிற்றில் பாகத்துக்குப் பாகம், அதாவது ஆறடிக்கு ஒன்றாக, தோல் துண்டும் துணித் துண்டும் கட்டப்பட்டிருக்கும். கண்ணால் பாராமல், கை தொட்ட மாத்திரத்தில் எத்தனை பாகம் என்று கூவுவார். படகு நிற்கும் இடத்தை அறிய, கரையிலுள்ள கலங்கரை விளக்கம், மலைமுனை, கோபுரம் என்று மூன்று அடையாளங்களை நோக்கி மூன்று கோடுகள் வரைவார்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே படகு. அந்தப் புள்ளியின் அருகே அபூதாஹிர் கூவிய எண் எழுதப்படும்.

சுதந்திரம் கிடைத்து மூன்றாம் ஆண்டில் அவர் ஒரு பிழை செய்தார். மழைக்கால மாலையொன்றில், வீடு திரும்பும் அவசரத்தில், உட்துறைமுகத்தின் சேற்றுத் திட்டு ஒன்றின் ஆழத்தை மட்டும் சொல்லி, அளந்த நேரத்தில் கடல் எவ்வளவு ஏறியிருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். கடல் அப்போது முழுதாக ஏறியிருந்தது. அடுத்த வாரம், கடல் இறங்கியிருந்த காலைப் பொழுதில், அந்த எண்ணை நம்பி வந்த கோதுமை மா ஏற்றிய வத்தை எனும் சரக்குப் படகு சேற்றில் இருந்துவிட்டது. வத்தையிலிருந்த எவருக்கும் தீங்கில்லை. எனினும் நனைந்த மா மூடைகள் வெயிலில் கல்லாக இறுகிக் கிடந்ததை அவர் மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாராம். அதன்பின், இறங்குதுறையில் அடிக்கணக்கு வரைந்து நட்டிருந்த கம்பத்தைப் பார்த்து நீர்மட்டத்தைக் குறிக்காமல் ஓர் எண்ணையும் அவர் எழுதியதில்லை.

"கலியாணம் முடிச்ச தேதிய மறந்துடுவார். அண்டைக்குக் கடல் எத்தின அடி எண்டு கேளுங்க, சொல்லுவார்" என்று அவர் மனைவி உம்மு குல்சும் கேலி செய்வார்.

"ஒண்டரை அடி. இறங்கிக்கொண்டிருந்திச்சு" என்பார் அபூதாஹிர், சிரிக்காமல்.

ஓய்வு பெற்று இரண்டாண்டுகள் கழிந்து, 1974ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அவருக்குச் சிறுநீரில் இரத்தம் கண்டது. இங்குள்ள வைத்தியர்கள் கொழும்புக்கு அனுப்பினார்கள். மூத்திரப் பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டுமே உள்ள புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் இருப்பதாகவும், அது வேறிடங்களுக்குப் பரவவில்லை என்றும் அங்கே சொன்னார்கள். அதைச் சொன்னவர் டொக்டர் குலசிங்கம். கதிர்ச் சிகிச்சை நிபுணரான அவருக்கு நாற்பது வயது இருக்கும். மெல்லிய குரலுடையவர், எதையும் ஒரு தாளில் கீறிக் காட்டிய பின்னரே பேசுபவர்.

அவர் அப்போது ஓர் ஆய்வை நடத்திக்கொண்டிருந்தார். அதுவரை இந்நோய்க்கு உடலின் முன்னும் பின்னுமாக இரு திசைகளிலிருந்தே கதிர் பாய்ச்சிவந்தனர். வழியிலுள்ள நல்ல உறுப்புகளும் வெந்துபோவதால் கதிரின் அளவைக் கூட்ட முடியவில்லை. நான்கு திசைகளிலிருந்து சிறிது சிறிதாகப் பாய்ச்சி, நான்கும் நோயுள்ள இடத்தில் மட்டும் சந்திக்குமாறு செய்தால், அங்கே அளவைக் கூட்டலாம். நோய் மீண்டும் வருவது குறையும். இதுவே அவர் எதிர்பார்ப்பு. இருபத்துநான்கு நோயாளர்களை அவர் தெரிவுசெய்திருந்தார். அபூதாஹிர் அவர்களுள் பத்தொன்பதாமவர்.

டொக்டர் தாளில் நான்கு கோடுகளைக் கீறியதும் அபூதாஹிர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது எங்கட வேலை டொக்டர். கோடு வெட்டுற இடத்திலதான் படகு."

"படகா?"

"ஓம். நாங்க மூண்டு கோடு போடுவம். நீங்க நாலு போடுறீங்க. நல்லது."

ஒவ்வொருவருக்கும் ஒரு கொப்பி கொடுக்கப்பட்டது. நாள்தோறும் எத்தனை முறை சிறுநீர் கழிந்தது, எரிவு உண்டா, வயிறு எவ்வாறு இருந்தது, எத்தனை குவளை தண்ணீர் குடித்தது என்று அதில் எழுத வேண்டும். எழுந்தது முதல் பொழுது சாயும்வரை எட்டுக் குவளைக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பது விதி. அதை எரிவு குறைவதற்காகவே சொன்னார்கள். விதிப்படி நடக்காதவர்களை ஆய்விலிருந்து நீக்க நேரும் என்றும் சொல்லப்பட்டது. ஆய்விலிருந்து நீக்கினால் சிகிச்சையையே நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அபூதாஹிர் விளங்கிக்கொண்டார். அது சரிதானா என்று அவர் எவரிடமும் கேட்கவில்லை.

செப்டெம்பர் இரண்டாம் திகதி சிகிச்சை தொடங்கிற்று. வாரத்தில் ஐந்து நாளாக ஆறரை வாரம். இடுப்பைச் சுற்றி ஊதா மையால் சிலுவைக் குறிகள் இட்டார்கள். மையிட்ட தோலோடு குளித்தால் மார்க்கக் கடமையான குளிப்பு நிறைவேறுமா என்று ஊரிலேயே கேட்டு, மை நீரைத் தடுக்காது என்ற பதிலைப் பெற்றுக்கொண்டுதான் அவர் சிகிச்சைக்காகக் கொழும்புக்குப் புறப்பட்டிருந்தார். இதை மட்டும் கேட்டவர், மற்றதைக் கேட்காமல் விட்டார்.

வைத்தியசாலையில் நோயாளர் அமர்ந்து காத்திருக்கும் வாங்கில் அவருக்குத் துணையாக வாய்த்தவர் தம்பிராசா. சம்பூரில் வயலும் மாடும் வைத்திருந்த கமக்காரர். அதே நோய். இருபதாவது ஆளாகக் குறிக்கப்பட்டு, தம்முடைய முறைக்காகக் காத்திருந்தவர், முஸ்லிம் அண்ணனை அழைக்கும் முறையில் அவரை நானா என்றே அழைத்தார்.

"என்ன நானா, மாட்டுக்குக் குறி சுடுற மாதிரி உங்களுக்கும் போட்டிட்டாங்கள் போல."

"உங்களுக்கும் போடுவாங்க அண்ணன். அப்ப ரெண்டு பேரும் ஒரே பட்டி."

"என்ர பட்டியில கிழட்டு மாட்டை நான் வைச்சிருக்கிறேல்ல" என்றார் தம்பிராசா.

முதல் இரண்டு வாரங்களும் நலமாகக் கழிந்தன. மெல்லிய எரிவு, அவ்வளவே. கொப்பியில் எண்கள் ஒழுங்காக ஏறின. மூன்றாம் வாரத்தின் நடுவில் றமழான் பிறை கண்டது.

அபூதாஹிர் தங்கியிருந்தது மருதானையில், உம்மு குல்சுமின் ஒன்றுவிட்ட தம்பி முனாபின் வீட்டில். அந்த வீட்டில் எழுவர், எழுவருக்கும் நோன்பு. நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் விலக்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனால் முனாபிடம் அவர் சொல்லியிருந்தது முதுகுவலி. நோய் இருக்கும் இடத்தின் பெயரை மனைவியின் உறவினர் முன்னிலையில் சொல்ல அவருக்கு நாவெழவில்லை. முதுகுவலிக்காரன் எட்டுக் குவளை தண்ணீர் குடித்துக்கொண்டு, நோன்பிருக்கும் வீட்டில் நடமாடுவது எப்படி? மேலும், பதினோராம் வயதிலிருந்து அவர் ஒரு நோன்பையும் விட்டதில்லை. நிழலற்ற படகில், உச்சி வெயிலில், ஈயக்குண்டு இழுத்த நாட்களிலும் விட்டதில்லை.

ஆகவே நோன்பு பிடித்தார். அதிகாலைச் சாப்பாட்டோடு இரண்டு குவளை குடித்தார். நண்பகல் ஒரு மணிக்கு இயந்திரத்தின் கீழே படுத்தபோது நாவும் உதடும் காய்ந்திருந்தன. மாலையில் கொப்பியை எடுத்தார். தண்ணீர் என்ற கட்டத்துக்கு எதிரே, ஒரு கணம் பென்சிலை நிறுத்தியிருந்துவிட்டு, எட்டு என்று எழுதினார்.

மறுநாளும் எட்டு. அதற்கு மறுநாளும் எட்டு.

ஒரு வாரத்துக்குள் எரிவு கடுமையாயிற்று. சிறுநீரில் மீண்டும் இரத்தம் தெரிந்தது. வயிறு கலங்கி, ஒரு நாளில் ஆறேழு தடவை போக வேண்டியிருந்தது. இவற்றை அவர் மறைக்கவில்லை; ஒவ்வொன்றையும் உள்ளபடி எழுதினார். தண்ணீர்க் கட்டம் ஒன்றுதான் பொய். பன்னிரண்டு நாட்களாக அந்த ஒரு கட்டம் மட்டும், நீரில்லாத நீர்மட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

செப்டெம்பர் முப்பதாம் திகதி, திங்கட்கிழமை. டொக்டர் குலசிங்கம் கொப்பியை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தடவை புரட்டினார்.

"தண்ணி ஒழுங்காக் குடிக்கிறீங்கள். அப்படியும் இவ்வளவு எரிவெண்டால், நான் குடுக்கிற அளவுதான் கூட."

அபூதாஹிரின் பார்வை தண்ணீர்க் கட்டங்களில் நின்றது.

"உங்களில பிழையில்லை. பிழை என்ர திட்டத்திலதான். இனி வாற ஆக்களுக்கு இந்த நாலு பக்க முறையை நிப்பாட்டுறன். பழைய மாதிரி ரெண்டு பக்கத்தால, குறைஞ்ச அளவு குடுப்பம். தம்பிராசாவுக்கு இண்டைக்குக் குறி வைக்க இருந்தது. அதையும் மாத்தச் சொல்ல வேணும்." அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

கதவுக்கு வெளியே வாங்கில் தம்பிராசாவின் இருமல் கேட்டது. அபூதாஹிருக்கு அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது, சேற்றில் சாய்ந்து நின்ற வத்தை. அன்று அவர் நீர்மட்டத்தை எழுதாமல் விட்டார். இன்று பொய்யாக எழுதியிருக்கிறார். இந்த எண்ணை நம்பி இன்னும் ஐந்து பேர் வரப்போகின்றனர்.

"எழுதாதீங்க டொக்டர்."

டொக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த எட்டு, எட்டில்ல. ரெண்டு. நான் நோன்பு புடிச்சனான். பன்னெண்டு நாளாப் பொய் எழுதினனான்."

டொக்டர் அந்தப் பக்கங்களை மீண்டும் புரட்டினார்.

"வருத்தக்காரருக்கு நோன்பில விலக்கு இருக்கெல்லே?"

"இருக்கு. ஆனா விலக்கெண்டா நிக்கிற வீட்டில காரணம் சொல்லோணும். காரணத்தச் சொல்ல எனக்கு வெக்கம்." அவர் கதவைக் காட்டினார். "என்ன வீட்ட அனுப்பினாலும் பரவாயில்ல. வெளிய இருக்கிற மனிசனுக்கு நாலு கோட்டையும் குடுங்க. உங்கட கோட்டில பிழையில்ல."

"பிழையில்லை எண்டு எப்படிச் சொல்லுறீங்கள்?"

"முதல் ரெண்டு கிழமையும் பாருங்க. அதே கோடு, அதே அளவு. எரிவு கொஞ்சம்தான். மாறினது தண்ணி மட்டும்தான்." அபூதாஹிரின் கை, தானாகவே, கயிற்றைப் பிடித்து இறக்குவதுபோல் அசைந்தது. "நீங்க மேல கோடு கீறி வைச்சிருக்கிறீங்க. அது அசையாது. உள்ளுக்க இருக்கிறது அப்பிடியா? மூத்திரப் பை நிறைஞ்சா ஒரு மாதிரி நிக்கும், வத்தினா வேற மாதிரிக் கிடக்கும். எங்கட கடல் ரெண்டடிதான் ஏறி இறங்கும். அந்த ரெண்டடியில வத்தை தட்டினதக் கண்டனான்."

டொக்டர் பேனாவை மூடிவைத்தார். கோபிக்கவில்லை, மன்னித்துவிட்டதாகவும் சொல்லவில்லை. கொப்பியைத் தம் பக்கம் இழுத்து, பன்னிரண்டு எட்டுகளையும் ஒவ்வொன்றாக வெட்டி, மேலே இரண்டு என்று எழுதுமாறு சொன்னார். அபூதாஹிர் எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் கையொப்பம் இட்டார். அதன் பின்னர் டொக்டர் சொன்னார்: "வீட்ட அனுப்புறதெண்டு ஆர் சொன்னது? ஆய்வில இருந்து எடுத்தாலும் வைத்தியம் நிக்காது. அதைக் கேட்டிருக்கலாமே."

"மற்றதெல்லாம் கேட்டனான்" என்றார் அபூதாஹிர்.

அன்று மாலை நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பைகள் காலியான பின்னர், முனாபைத் தனியே அழைத்து அவர் விடயத்தைச் சொன்னார். எனக்கு முதுகுவலி இல்லை, நோய் இன்ன இடத்தில், நாளை முதல் நான் நோன்பில்லை.

முனாப் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பின்பு, "எங்கட வாப்பாக்கும் அதுதான் மச்சான்" என்றார். "நாங்களும் முதுகுவலி எண்டுதான் ஊருக்குச் சொன்னம். கடைசி வரைக்கும் அவர ஒரு டொக்டரிட்டயும் காட்டயில்ல." அவர் எழுந்து குசினிக்குப் போய், ஒரு சாடி நிறையத் தண்ணீரும் ஒரு குவளையும் கொண்டுவந்து, அபூதாஹிர் படுக்கும் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். அடுத்த நாளிலிருந்து அந்தச் சாடி நிறைந்தே இருந்தது. நோன்பு பிடித்த எழுவருள் எவர் அதை நிரப்பினார் என்று அவருக்குத் தெரியாது.

டொக்டர் குலசிங்கம் மறுநாள் அபூதாஹிருக்கு இரண்டு எக்ஸ்ரே படங்கள் எடுப்பித்தார். ஒன்று சிறுநீர் கழித்தவுடன். மற்றது நான்கு குவளை தண்ணீர் குடித்து ஒரு மணி நேரம் அடக்கியிருந்த பின்னர். பை தெரிவதற்காக இரு முறையும் மருந்து நீர் ஏற்றினார்கள். படங்களை வெளிச்சத்தில் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். நிறைந்திருந்தபோது பையின் பெரும்பகுதி மேலெழுந்து கதிரின் பாதைக்கு அப்பால் நின்றது. குடலையும் அது மேலே தள்ளியிருந்தது. வற்றியபோது பை முழுவதும் பாதைக்குள் தாழ்ந்து கிடந்தது.

"ரெண்டு விரற்கடை" என்றார் டொக்டர்.

"எங்களுக்கு ரெண்டடி" என்றார் அபூதாஹிர்.

"உங்கள் ஒருவரை வைச்சு நான் ஒண்டும் எழுதேலாது. மற்ற எல்லாரையும் இதே மாதிரிப் படம் எடுத்துப் பாக்க வேணும். சில வேளை நீங்கள் சொல்லுறது பிழையாயும் இருக்கும்."

"பாருங்க. ஒருக்கா அளந்தா காணாது. எங்கட வேலையும் அப்பிடித்தான்."

படங்கள் எடுத்து முடிய இரண்டு வாரம் சென்றது. எல்லோரிடமும் ஒரே அளவு வேறுபாடு காணப்படவில்லை. ஆயினும் பெரும்பாலோரிடம் காணப்பட்டது. நான்கு திசை முறை நிறுத்தப்படவில்லை. சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்னர் சிறுநீர் கழித்து, அதன்பின் நான்கு குவளை தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டே படுக்க வேண்டும் என்ற புதிய விதி எழுதப்பட்டது. அபூதாஹிரின் எரிவு பத்து நாட்களில் தணிந்தது. புதிய விதியின் கீழ்த் தொடங்கிய முதல் ஆள் தம்பிராசா.

"நானா, உங்கட கதையால எனக்கு வந்த வினையைப் பாருங்கோ. கிழவன் ஒரு மணித்தியாலம் அடக்கிக்கொண்டு இருக்க ஏலுமே?"

"இருங்க அண்ணன். கடல் ஏறட்டும்."

"ஏறி முடிஞ்சுது. இப்ப கரையை உடைக்கப் போகுது" என்றார் தம்பிராசா, தொடைகளை இறுக்கிக்கொண்டு.

பெருநாளுக்கு முந்திய நாள் அபூதாஹிர் ஊர் வந்து சேர்ந்தார். விட்ட நோன்புகளை மார்கழி மழைக்காலத்தில், டொக்டரிடம் கேட்டு அனுமதி பெற்ற பின்னரே, களா எனும் ஈட்டு நோன்பாகப் பிடித்து நிறைவேற்றினார். தமக்கு ஒரு நோன்பும் மீதியில்லாதிருந்தும் உம்மு குல்சும் அத்தனை நாளும் அவரோடு சேர்ந்து நோன்பிருந்தார். "தனியச் சோறு திங்க எனக்கு விருப்பமில்ல" என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைத்தியசாலையிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு படிவம் வரும். உடல்நிலையைக் கேட்டு, நிரப்பி அனுப்பச் சொல்லும் படிவம். அதை நிரப்பிக் கொடுப்பது, ஆசிரியையான என் பொறுப்பாயிற்று. மேலே எழுதியவற்றை நான் அறிந்ததும் அப்படித்தான். 1975இல் ஒரு கடிதமும் உடன் வந்தது. ஆய்வின் முடிவை டொக்டர்கள் கூடிய கூட்டமொன்றில் வாசித்ததாகவும், நோயாளர் ஒருவரின் நாட்குறிப்பே தண்ணீர் பற்றிய கேள்வியை எழுப்பிற்று என்பதை அதில் கூறியதாகவும், நோயாளரின் பெயரைச் சொல்வது வழக்கமில்லையாகையால் சொல்லவில்லை என்றும் டொக்டர் குலசிங்கம் எழுதியிருந்தார். நான் வாசித்துக் காட்டினேன்.

"பேர் வேணாம்" என்றார் அபூதாஹிர். "பன்னெண்டு பொய்யையும் சொன்னாரா?"

"அது எழுதப்படவில்லை."

"சொல்லியிருக்கோணும்" என்றார்.

கடைசியாக நான் நிரப்பியது 1982ஆம் ஆண்டு ஆவணி மாதத்துப் படிவம். சிகிச்சை முடிந்து எட்டாவது ஆண்டு. தம்பிராசா மூதூரிலிருந்து வரும் லோஞ்சுப் படகில் ஒரு சட்டி எருமைத் தயிரோடு வந்திருந்தார். அவருடைய படிவத்தையும் நானே நிரப்புவது வழக்கமாகியிருந்தது. இருவரும் என் மேசைக்கு எதிரே கதிரைகளில் அமர்ந்திருந்தனர். இருவருக்கும் நோய் திரும்பவில்லை.

"இரவில் எத்தனை தடவை எழும்புகிறீர்கள்?" என்று வாசித்தேன்.

"எனக்கு ரெண்டு எண்டு போடுங்கோ டீச்சர்" என்றார் தம்பிராசா. "நானாவுக்கும் ரெண்டு எண்டு போடுங்கோ. ஒரே பட்டிதானே."

நான் இரண்டு என்று எழுதத் தொடங்கினேன்.

"பொறுங்க டீச்சர்" என்றார் அபூதாஹிர். "நேத்து மூண்டு. முந்தாநாள் ஒண்டு. நேத்து மகரிபு தொழுத பிறகு வத்தகப்பழம் திண்டனான், அது முழுக்கத் தண்ணிதானே. அதயும் எழுதுங்க."

படிவத்தில் அதற்கு இடமில்லை என்றேன்.

"ஓரத்தில எழுதுங்க."

ஓரத்தில் எழுதினேன்: மூன்று, வத்தகப்பழம், பெரிய துண்டு இரண்டு. அவர் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, அதன் அருகே கையொப்பம் இட்டார்.